பிரம்மநாயகி வீட்டு ஸ்பூன்கள்

பாளையங்கோட்டையில் பிரம்மநாயகி வீட்டு எவர்சில்வர் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் இடம் இருக்கும்போதே யாராவது "போதும்" என்று சொன்னால், அந்த ஸ்பூனில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி விழும். தொண்ணூற்று நான்காம் வருடம், வெங்காய விலை ஏறி இறங்கிய ஐப்பசியில் இது தொடங்கியது. அவள் கணவர் அம்மையப்பன் நெடுஞ்சாலைத் துறையில் அதிகாரி. ஒருமுறை பயிற்சிக்கு டெல்லி போய்த் திரும்பியவர், இனி இந்த வீட்டில் யாரும் கையால் பிசைந்து சாப்பிடக் கூடாது என்று சட்டம் போட்டு, ஸ்பூன்களாக வாங்கிக் குவித்தார். ரசஞ்சோற்றைக்கூட அவர் ஸ்பூனால்தான் சாப்பிடுவார். முடிப்பதற்குள் மத்தியானத் தபால் வந்துவிடும்.

புள்ளிகளைப் பார்த்ததும் பிரம்மநாயகி முதலில் சந்தேகப்பட்டது ஆழ்குழாய்த் தண்ணீரை. ஆற்றுத் தண்ணீர் வரும் நேரம் பார்த்துக் கழுவினாள். புளி போட்டுத் தேய்த்தாள், எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தாள், ஆப்பசோடாவைக் குழைத்துப் பூசி ஊறவைத்தாள், கடைசியில் கோயில் திருநீற்றையும் விட்டுவைக்கவில்லை. பாத்திரக்கடை நூர்முகம்மது, "உப்புப் பண்டத்தோட அப்படியே போட்டு வைக்காதீங்கம்மா, கம்பி நாரால பிராண்டாதீங்க, கழுவின கையோட ஈரம் போகத் தொடைச்சிருங்க" என்றார். அதையும் செய்தாள். மற்ற கறையெல்லாம் போயிற்று. இந்தப் புள்ளிகள் மட்டும், வாடகை தராத குடித்தனக்காரர் போல உட்கார்ந்திருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மையப்பன் புளியோதரை சாப்பிட்டு, "போதும்" என்றார். அவள் கண்ணெதிரே ஸ்பூனில் புள்ளி விழுந்தது. பிறகு அவரே தயங்கி, "அடியில இருந்தா கொஞ்சம் சொரண்டிப் போடேன்" என்றார். போட்டாள். அவர் மென்று விழுங்க விழுங்கப் புள்ளி மங்கி மறைந்தது. பிரம்மநாயகிக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததும் ஆத்திரம்தான் வந்தது. அளந்து சமைப்பதில் அந்தத் தெருவில் அவளுக்குப் பெரிய பெயர். எத்தனை பேர் சாப்பிட்டாலும் கடைசி ஆள் எழுந்திருக்கும்போது பானையில் ஒரு பருக்கை மிஞ்சாது. அந்தப் பெயரை வாங்கிய இத்தனை வருடமும் ஆட்கள் அரைவயிற்றோடுதான் எழுந்து போனார்கள் என்று ஒரு ஸ்பூன் சொன்னால் எந்தப் பெண்பிள்ளை ஒத்துக்கொள்வாள்? பரிமாறும் அளவை மாற்றாமல், ஸ்பூன் துடைக்கும் துணியை மாற்றினாள்.

அந்த மார்கழிக்கு முன்னால் மகள் சித்ரலேகாவைப் பெண் பார்க்க முக்கூடலிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை மகேஸ்வரன் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். ஒரு கல்யாணத்தில் இரண்டு பேரும் பார்த்துப் பேசிப் பிடித்துப்போய், பெரியவர்கள் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. அவனை வளர்த்த அத்தை உலகம்மாள்தான் அங்கே எல்லாம். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஐந்து பேர் வருகிறோம் என்று சொல்லி ஒன்பது பேர் வந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். பிரம்மநாயகி இலை போட்டுக் கையால் சாப்பிட வைத்துவிடலாம் என்று ஸ்பூன்களை அரிசி டிரம்முக்குள் புதைத்திருந்தாள். அம்மையப்பன் அவற்றைத் தோண்டியெடுத்து, பெருமையோடு ஆளுக்கொன்று வைத்தார். ஐந்து பேருக்கு வைத்த தேங்காய்ப்பால் சொதியை அவள் ஒன்பது பேருக்கும் குறையில்லாமல் பிரித்தாள். ஒன்பது பேரும் மரியாதையாகப் "போதும்" என்றார்கள்; உலகம்மாள் இரண்டு தரம் சொன்னாள்.

உலகம்மாள் ஸ்பூனை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அதில் இரண்டு புள்ளிகள்.

"ஏன் மைனி, இது நல்ல எவர்சில்வரா? கறுத்துல்லா கெடக்கு. பிள்ளைக்குச் சீராக் குடுக்கப்போற பாத்திரமும் இந்தச் சரக்குதானா?"

சொன்னதோடு நிற்கவில்லை. கைப்பையிலிருந்து, பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தாள். பாத்திரம் வாங்கப் போகும்போதெல்லாம் அது அவளோடு போகும்; ஒட்டினால் மட்டச் சரக்கு என்பது அவள் கணக்கு. ஸ்பூன் காந்தத்தில் ஒட்டவும் இல்லை, சும்மா விழவும் இல்லை. கொஞ்சம் தொங்கிவிட்டுத் தட்டில் விழுந்தது. உலகம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். உள்கதவோரம் நின்ற சித்ரலேகாவின் முகம் செத்துப்போயிற்று. பிரம்மநாயகி அதைப் பார்த்தாள். வாயைத் திறக்காவிட்டால் மகள் கல்யாணம் போகும். திறந்தால் இத்தனை வருடப் பெயர் போகும்.

"பாத்திரத்துல ஒரு கொறையும் இல்ல மைனி" என்றாள். "என் கைதான் சுருக்கம். பசிய வச்சிக்கிட்டுப் போதும்னு சொன்னா இந்த ஸ்பூன் கறுத்துரும். இங்கன ஒருத்தருக்கும் வயிறு நெறயல."

அம்மையப்பன் பைய தன் ஸ்பூனைக் கவிழ்த்து வைத்தார். அதில்தான் புள்ளிகள் அதிகம்.

"நல்லா இருக்கே கதை!" என்றாள் உலகம்மாள். "எனக்குத் தொண்டை வரைக்கும் நிக்கு. போதும்னா போதும்தான்."

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் மூன்றாவது வந்து விழுந்தது. முதலில் சிரித்தது மகேஸ்வரன். "எனக்கும் பசிக்கத்தான் செய்யுது அத்தை" என்றான். உலகம்மாள் ஸ்பூனை ஒருதரம், மருமகனை ஒருதரம் முறைத்தாள். பிறகு காந்தத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சரி, ஊத்துங்க மைனி. இஞ்சிப் பச்சடியும் வைங்க" என்றாள்.

ஊற்ற ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் தேங்காய் வாங்கி, திரும்ப அடுப்பு மூட்டி, மறுபடி சொதி கொதித்து அவர்கள் எழுந்திருக்கும்போது பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்பூன்கள் கடையில் வாங்கிய அன்று போலப் பளபளத்தன. பானையில் முதல்முறையாகச் சொதி மிஞ்சியது. பிரம்மநாயகி அதைப் பார்த்து ஒரு மூச்சு அழுதாள்.

தையில் கல்யாணம் நடந்தது. உலகம்மாள் கேட்டு வாங்கியதால் சீர்ப் பாத்திரங்களோடு ஸ்பூன்களும் முக்கூடலுக்குப் போயின. அடுத்தடுத்த வருடங்களில் அந்த வீட்டில் "போதுமா" என்று கேட்கும் வழக்கமே நின்றுபோயிற்று. பந்தியில் ஸ்பூனைப் பார்த்துவிட்டுப் போடுவார்கள், அவ்வளவுதான். இதை விசேஷமாக எண்ணி யாரும் வெளியூரில் போய்ச் சொல்லவும் இல்லை.

பேரன் பிறந்த பிறகு பிரம்மநாயகி ஒருநாள் முக்கூடலுக்குப் போனாள். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அள்ளிச் சாப்பிட எந்தத் தாய்க்குத்தான் கூச்சம் இருக்காது? இரண்டு வாய் சாப்பிட்டு, "போதும்" என்றாள். உலகம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஸ்பூனை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"சித்ரா, ஒங்க அம்மைக்கு இன்னும் ரெண்டு கரண்டி கொண்டா."

பிரம்மநாயகி தட்டை முன்னால் நகர்த்தி வைத்தாள்.