ஒரே நாளில் ஒன்பதாயிரம் கட்டுரைகள்

கல்லூரி நூலகத்தின் மாடியில் 'ஆய்வு உதவி மையம்' என்ற பலகைக்குக் கீழே ஒரு மேசை, நான்கு நாற்காலிகள், இரண்டு கணினிகள், ஓர் ஒப்பந்த உதவியாளர். அவளுக்கு 'மாடி மேடம்' என்று பெயர். மையத்தைத் திறந்துவைத்த அன்று, உலக அறிவெல்லாம் இனி நம் விரல் நுனியில் என்று கல்லூரி முதல்வர் முக்கால் மணி நேரம் முழங்கினார். அதன்பிறகு அவருடைய விரலும் வரவில்லை, நுனியும் வரவில்லை.

மையத்தின் உயிர், ஆய்விதழ்களைக் கணினியில் படிக்கத் தரும் ஓர் இணையதளம். சந்தா முடியும் மாதத்தில் மாடி மேடம் கணக்குப் பார்த்தாள். ஓராண்டில் எல்லாருமாகப் பதிவிறக்கியவை நாற்பத்தொரு கட்டுரைகள். அவற்றில் முப்பது, தளம் வேலை செய்கிறதா என்று பார்க்க அவளே இறக்கியவை. தளம் போனால் மையம் போகும், மையம் போனால் அவள் வேலை போகும். யாருமே வராத இடத்துக்கு இவள் மட்டும் ஏன் நாள் தவறாமல் போகிறாள் என்று மாமியார் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார். கேள்வியில் நியாயம் இருந்ததுதான் மருமகளுக்கு எரிச்சல்.

கணக்கைப் பார்த்த முதல்வர் பதறிப்போனார். யாரும் படிக்கவில்லை என்பதற்காக இல்லை, நிர்வாகக் குழு கேட்குமே என்பதற்காக. உடனே தம் கையாலேயே ஒரு சுற்றறிக்கை எழுதினார்: 'ஆசிரியர்கள் அனைவரும் நாளை மாலைக்குள் ஆளுக்கு நூறு கட்டுரைகள் இறக்க வேண்டும். படிப்பது அவரவர் விருப்பம்.'

"ஒரே நாள்ல இவ்வளவு எறக்கினா, திருட்டுன்னு நெனச்சுப் பூட்டிருவாங்க சார்."

"ஏம்மா, விருந்துக்குக் கூப்பிட்டவன், நெறைய சாப்பிட்டா கோவிச்சுக்குவானா?"

மறுநாள் கல்லூரியே கல்வியில் மூழ்கியது. வணிகவியல் துறை கண் அறுவை சிகிச்சையை அள்ளியது. தத்துவப் பேராசிரியர் பன்றி வளர்ப்பில் நூறு எடுத்தார். உடற்கல்வி ஆசிரியர் முந்நூறைத் தாண்டிவிட்டு, யாராவது போட்டிக்கு வருகிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். ஒன்பதாயிரத்தைத் தொட்டபோது திரை வெளுத்தது. முறைகேடு நடந்திருப்பதால் கல்லூரி முழுவதற்கும் அனுமதி நிறுத்தம் என்றது தளத்தை நடத்தும் நிறுவனம். காரணம் யார் என்று கேட்டு ஒரு படிவமும் வந்தது.

முதல்வர் அவளைக் கூப்பிட்டார்.

"உங்க பேரைப் போட்டு அனுப்பிருங்கம்மா. எப்படியும் நீங்க ஒப்பந்தம்தானே."

சரி என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள். தன் பெயரைப் போட்டால் வேலை போகும், அவர் பெயரைப் போட்டாலும் போகும். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது. படிவத்தின் கடைசி வரி, ஆதாரத்தை இணைக்கச் சொன்னது. மூலத்தைக் காட்டாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள் என்று காலி நாற்காலிகளுக்கு இரண்டு ஆண்டுகளாகப் பாடம் எடுத்தவள் அவள். பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, முதல்வரின் சுற்றறிக்கையைக் கையெழுத்தோடு படம் பிடித்து இணைத்து அனுப்பினாள்.

இதற்கிடையில் நிர்வாகக் குழு கூடியது. ஒன்பதாயிரம் என்ற எண்ணைப் பார்த்து மெய்சிலிர்த்துச் சந்தாவைப் புதுப்பித்தது.

நான்காம் நாள் நிறுவனத்தின் பதில் முதல்வருக்கு வந்தது, நகல் அவளுக்கும் வந்தது. சுற்றறிக்கையில் கையெழுத்திட்டவர், நூலகத்தின் ஆய்வு உதவியாளரிடம் பத்து மணி நேரம் பயிற்சி பெற வேண்டும். உதவியாளர் சான்றிதழ் தந்த பிறகே பூட்டுத் திறக்கும். முதல்வர் கூப்பிட்டதும், வேலையை விட்டு அனுப்பினால் ஒப்படைத்துவிடலாம் என்று மையத்தின் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே அவள் அவர் அறைக்குப் போனாள். அவர் சாவியைப் பார்க்கவில்லை.

"அந்தச் சான்றிதழ்... நீங்கதான் தரணுமாமே?"

"ஆமா சார்."

"இன்னைக்கே தந்துர முடியுமா?"

"பத்து மணி நேரம் முடியட்டும் சார். ஆனா என் ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோட முடியுது."

அன்று மாலையே அது ஓராண்டு நீண்டது.

திங்கட்கிழமை ஆய்வு உதவி மையத்துக்கு முதல் ஆள் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கைவசமிருந்த ஒன்பதாயிரத்தில் ஒன்றைத் திரையில் திறந்து வைத்து, படித்துவிட்டு ஐந்து வரியில் எழுதச் சொன்னாள்.

"முழுசாவா?"

"முழுசா சார்."

முதல்வர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் அது எத்தனையாவது பக்கம் என்று பார்த்தார்.