இரண்டாவது சிகரத்தில் பத்து நிமிஷம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஆபீஸில் வைத்திருந்த பெயர் 'பத்து நிமிஷம்'. யார் எந்த மாடியில் மாட்டிக்கொண்டு அலறினாலும், கதவிடுக்கில் வாயை வைத்து அவர் சொல்வது ஒன்றுதான்: "பத்து நிமிஷம் பொறுங்க, வெளிய எடுத்துடறேன்." கதவைத் திறக்கும் சாவியே வந்து சேர்ந்திருக்காது, ஆனாலும் பத்து நிமிஷம்தான். பதினோரு வருஷமாக இதே பாட்டு. அவசர அழைப்பு எடுக்கும் பெண்ணுக்கும் அவர்தான் இதைச் சொல்லிக்கொடுத்தார். போன மாதம் ஒரு டீச்சர் ஒன்றரை மணி நேரம் உள்ளே கிடந்து, கண் சிவக்க வெளியே வந்தார். "ஒன்றரை மணி நேரம்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் அழுதிருக்கவே மாட்டேன்" என்றார். மெக்கானிக் சிரித்து மழுப்பிவிட்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'மாட்டிக்கிட்டோம்' என்ற சொல் காதில் விழாத இடத்துக்குப் போக ஆசை வந்தது. ஊருக்கு வெளியே ஒட்டிப் பிறந்த மாதிரி இரண்டு மலைகள். பெரியவன், சின்னவன் என்று பெயர். கோடையில் காலையிலேயே ஏறினால் இரண்டு உச்சியையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம். ஆசையில் தப்பில்லை. அதற்காக அவிழ்த்துவிட்ட பொய்கள்தான் தப்பு. ஆபீஸில் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றார். மனைவியிடம் டியூட்டி என்றார், ஏனென்றால் லீவு என்று தெரிந்த அடுத்த நிமிஷம் மச்சினன் வீட்டு மோட்டார் பழுதாகிவிடும். அடிவாரத்தில் வனக்காவலர் நோட்டை நீட்டி, "ஒரு மலையா ரெண்டா? ரெண்டுன்னா தனியா விடமாட்டோம்" என்றார். 'பெரியவன் மட்டும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார் நம்மவர்.

பெரியவன் மேல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. யாரும் கூப்பிடவில்லை. வீடியோ எடுத்துத் தள்ளினார். அந்தச் சந்தோஷத்திலேயே நடுப்பள்ளம் இறங்கி, சின்னவனையும் ஏறி முடித்தார். இறங்கும்போதுதான் சனி குறுக்குவழியாக வந்தது. சுற்றிப் போகச் சோம்பல்பட்டு ஒரு வழுக்குப்பாறையில் உட்கார்ந்தபடியே சறுக்கினார். பாறை முடிந்த இடத்தில் ஒரு மேடை இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

மேலே பார்த்தார். கைவைக்க ஒரு பிடிகூட இல்லாத வழுவழுப்பு. கீழே இரண்டு மாடி உயரம், அப்புறம் கல். மேடையைக் கண்ணாலேயே அளந்தார். நாலு பேர் லிஃப்டின் அளவு. மூன்று பக்கமும் வெறும் வெயில். பாட்டிலில் மூன்று மடக்குத் தண்ணீர். எவ்வளவு நேரத்துக்கு என்று தெரியாமல் அதைக் குடிக்கப் பயமாக இருந்தது.

தான் எங்கே இருக்கிறோம் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போனில் நாலு சதவீதம் மிச்சம். விரல் தானாகப் போய் அழுத்தியது, ஆயிரம் லிஃப்டில் அவரே ஒட்டிய அந்த எண்ணைத்தான்.

"வணக்கம், லிஃப்ட் அவசர சேவை. எந்தக் கட்டடம், எந்த மாடி?"

"நான்தாம்மா."

"அண்ணே! அண்ணிக்கு இப்ப எப்படி இருக்கு?"

"அண்ணிக்கு ஒண்ணுமில்ல. நான்..." கீழே எட்டிப் பார்த்தார். "நான் மாட்டிக்கிட்டேம்மா."

"நீங்களா? எந்த மாடியில?"

"மாடி இல்ல, மலை. லீவுக்குச் சொன்னது பொய். அடிவாரத்துல வனக்காவலருக்குச் சொல்லு. நோட்டுல பெரியவன்னு எழுதியிருப்பேன், அதுவும் பொய். நான் சின்னவன்ல, வழுக்குப்பாறைக்குக் கீழ இருக்கேன்."

"சரிண்ணே, சொல்லிடறேன். பதறாதீங்க, அப்படியே உட்காருங்க. பத்து நிமிஷத்துல ஆள் வந்துடும்."

போன் அணைந்தது.

அவருக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அடிவாரத்திலிருந்து ஓடியே வந்தாலும் இரண்டு மணி நேரம் ஆகும். பத்து நிமிஷமாம்! யாரிடம் காது குத்துகிறாள்? ஆனாலும் பாழாய்ப்போன மனசு எண்ணத் தொடங்கிவிட்டது. பத்து முடிந்தது. இருபது முடிந்தது. யாரும் வரவில்லை. பத்து நிமிஷம் பொய் என்றால், ஆள் வருவது மட்டும் உண்மையா? வனக்காவலருக்கு அவள் சொன்னாளா? காவலர் நோட்டைப் பார்த்துவிட்டுப் பெரியவன் மேல் தேடுகிறாரா? வெயில் மண்டையைப் பிளந்தது. நிழல் நகர்ந்ததே தவிர ஒரு குரலும் இல்லை.

லிஃப்ட் கதவை நெம்பித் திறந்து இடுக்கு வழியாகக் குதிக்கிறவர்களை அவர் வாய்க்கு வந்தபடி திட்டுவார். அவசரக்குடுக்கைகள் என்பார். இப்போது அவரே விளிம்பில் திரும்பிக் குப்புறப் படுத்து, இரண்டு காலையும் வெளியே தொங்கவிட்டார். இரண்டு மாடிதானே, கை கால் முறிந்தாலும் உயிர் இருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது. இடுப்பும் விளிம்பைத் தாண்டியது.

"யோவ்! காலை மேல எடுய்யா!"

வழுக்குப்பாறையின் உச்சியில் வனக்காவலர், மூச்சு வாங்க நின்றிருந்தார். மெக்கானிக் முழங்கை தேயத் தேய மேடைக்கு ஊர்ந்து ஏறினார்.

"வந்துட்டீங்களா? கயிறு போடுங்க!"

"கயிறு பின்னால வருது. உங்கள மாதிரி எனக்குப் பொய் சொல்ல வராது. முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் அசையாம உட்காருவீங்களா?"

"முக்கால் மணியா?"

"ஆமா. ஒரு நிமிஷம்கூடக் குறையாது."

மெக்கானிக் பாறையில் முதுகைச் சாய்த்தார். பதற்றம் அடங்கியது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. முக்கால் மணி என்றால் மூன்று கால் மணி. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார், மூன்று மடக்கு. அந்த டீச்சர் குடியிருந்தது எந்தக் கட்டடம், எந்த மாடி என்று நினைவுக்கு வந்தது. பாட்டிலைத் திறந்து முதல் மடக்கைக் குடித்தார்.