கிணற்று நீரின் நிறம்

2018ஆம் ஆண்டு ஏப்ரல் ஒன்பதாம் திகதி, திங்கட்கிழமை, கற்பிட்டி வீதியில் கடலை ஒட்டியிருந்த ஒரு விடுதியின் புதிய வரவேற்பு மண்டபத்தில் ஐந்தடி நீளக் கண்ணாடித் தொட்டியொன்று வைக்கப்பட்டு, விடுதிக் கிணற்றின் நீரால் நிரப்பப்பட்டது. தொட்டி நானூறு லீற்றர் கொள்ளும்.

நீரை நிரப்பியவன் அஸ்மி. ஆனால் குழாயைப் பிடிக்கும் வேலை மட்டும்தான் அவனுடையது. எவ்வளவு மெதுவாக ஊற்ற வேண்டும், எந்த உயரத்தில் நிறுத்த வேண்டும் என்றெல்லாம் சொன்னவன் கஜமுகன். அடியில் பரப்பியிருந்த மணல் கலங்காமல் இருக்க ஒரு பீங்கான் தட்டை உள்ளே வைத்து, அதன்மேல் நீரை விழவிடச் சொன்னான். நல்ல யோசனைதான். அது நல்ல யோசனையாக இருந்ததுதான் அஸ்மிக்கு எரிந்தது.

அஸ்மி அந்த விடுதிக்கு வந்து பதினொரு வருடம். நான்கு அறைகள் இருந்த காலத்தில் வந்தவன். இப்போது இருபத்திரண்டு அறைகள். தண்ணீர் மோட்டர், ஜெனரேட்டர், நீச்சல் தடாகம், அடைபட்ட கக்கூஸ் எல்லாம் அவன் கையில். கஜமுகன் வந்து ஐந்து மாதம். வயது இருபத்தாறு. வன்னியில் பிறந்து, சண்டைக் காலத்தில் குடும்பத்தோடு புத்தளத்துக்கு வந்து வளர்ந்தவன். மீன் வளர்ப்பில் டிப்ளோமா முடித்தவன்.

வரவேற்பு மண்டபத்தில் மீன் தொட்டி வைக்கலாம் என்று முதலில் சொன்னது அஸ்மி. அவன் வீட்டுப் பின்புறத்தில் மூன்று சீமெந்துத் தொட்டிகளில் கப்பி மீன் வளர்க்கிறான். விடுதி உரிமையாளர் சரீப் ஹாஜியார் அன்று அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். இரண்டு வாரம் கழித்துக் கஜமுகனைக் கூப்பிட்டு, "தம்பி, நீ படிச்சவன். இத நீயே பொறுப்பெடு," என்றார். அப்போது கஜமுகன் கதிரையில் இருந்தான். அஸ்மி கதவோரம் நின்றான். கஜமுகனுக்குத் தேநீர் கீழ்த்தட்டு வைத்த கோப்பையில் வந்தது. பதினொரு வருடத்தில் அஸ்மிக்குக் கீழ்த்தட்டு வந்ததில்லை. அதுவரை அவன் அதைக் கவனித்ததுமில்லை.

இது தொட்டியோடு முடிகிற விஷயமாக இருந்திருந்தால் அவன் விழுங்கியிருப்பான். ஹாஜியார் பள்ளிவாசல்துறையில் எட்டு அறைகளோடு இன்னொரு விடுதி கட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பொறுப்பாளரை வெளியிலிருந்து எடுக்கப்போவதில்லை, நோன்புக்கு முன் ஆளைச் சொல்வேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். பொறுப்பாளருக்கு அங்கேயே ஒரு வீடும் உண்டு. அஸ்மியின் மனைவி றிஸ்னா அந்த வீட்டை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து, அலுமாரியை எந்தச் சுவரோடு வைப்பது என்பதுவரை தீர்மானித்திருந்தாள்.

இப்போது ஹாஜியார் காலையில் வந்தால் நேரே தொட்டியடிக்குத்தான் போனார். கஜமுகன் செடி நடுவதைப் பார்த்தார். பஞ்சு வடிகட்டி குமிழி விடுவதைப் பார்த்தார். அவன் தோளில் கை வைத்தார். அந்தக் கையை அஸ்மி தூரத்தில் ஏணியில் நின்று பல்ப் மாற்றியபடியே பார்த்தான்.

"நானா, கொஞ்சம் வாங்கோ," என்று சனிக்கிழமை கஜமுகன் அஸ்மியை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டான். தொட்டி நிரப்பிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மேசையில் மூன்று சின்னக் கண்ணாடிக் குழாய்களும் சொட்டு மருந்துப் போத்தல்களும் நிறங்கள் அச்சிட்ட ஓர் அட்டையும் இருந்தன.

"இதென்ன, ஆஸ்பத்திரி தொறந்தீக்கிறியா?" என்றான் அஸ்மி.

கஜமுகன் சிரித்தான். "தொட்டிக்கு ரத்தப் பரிசோதனை, நானா. இந்தா, முதலாவது குழாய் அமோனியா. மீன்ர கழிவும் மிஞ்சின சாப்பாடும் அழுகினா வாறது. நஞ்சு. ரெண்டாவதும் நஞ்சுதான். புதுத் தொட்டியில இதுகள் ரெண்டும் ஏறி மீனைக் கொல்லும். நாள் போகப் போகக் கண்ணுக்குத் தெரியாத கிருமியள் பஞ்சிலயும் மணலிலயும் வளந்து, அந்த நஞ்சைத் தின்று மூண்டாவதா மாத்திப்போடும். நைத்திரேற்று. அது மீனை அப்பிடிச் செய்யாது. முதல் ரெண்டும் வெறுமையா இருந்து, மூண்டாவது சிவந்தா, தொட்டி பழுத்திட்டுது எண்டு அர்த்தம். மீன் விடலாம்."

மூன்றாவது குழாய் நன்றாகச் சிவந்திருந்தது.

"ஒரு மாசம் எடுக்கும் எண்டுதான் படிச்சனான். கொழும்பிலயிருந்து கிருமிப் போத்தல் ஒண்டு எடுப்பிச்சு ஊத்தினன். அது வேலை செய்திட்டுது போல."

அஸ்மி அந்தச் சிவப்பைப் பார்த்தபடி நின்றான். நைத்திரேற்று என்ற சொல்லை அவன் முன்பு கேட்டிருந்தான். நான்கு வருடத்துக்கு முன் சிலர் வந்து அந்தப் பக்கத்துக் கிணறுகளிலெல்லாம் போத்தலில் நீர் எடுத்துப்போனார்கள். விடுதி வேலிக்கு அப்பால் வெங்காயத் தோட்டம். அதற்கப்பாலும் வெங்காயத் தோட்டம். வருடத்தில் இரண்டு மூன்று போகம், ஒவ்வொரு போகத்துக்கும் மூட்டை மூட்டையாக யூரியா. மணல் தரை, போட்ட உரம் மழையோடு நேரே கிணற்றுக்கு இறங்குகிறது என்றார்கள். உரம் இறங்கி நீரில் நிற்கும் சாமானுக்கு அவர்கள் சொன்ன பெயர் அதுதான். பிறகு அவனுடைய மகள் பிறந்தபோது, குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கிணற்று நீரைத் தொடக்கூடாது என்று மருத்துவமாது றிஸ்னாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

பகல் சாப்பாட்டுக்குக் கஜமுகன் போனதும் அஸ்மி ஒரு குழாயை எடுத்தான். கிணற்று நீர் வரும் விடுதித் தோட்டத்துப் பைப்பைத் திறந்து அளவு கோடுவரை பிடித்தான். கஜமுகன் செய்ததைப் போலவே சொட்டு விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் பொறுத்தான். சிவந்தது. தொட்டி நீருக்கும் இதற்கும் நிறத்தில் மயிரளவு வித்தியாசமில்லை.

அப்படியானால் தொட்டி பழுக்கவில்லை. முதல் நாள் ஊற்றிய நீரே சிவப்புத்தான். மற்ற இரண்டு குழாய்களும் வெறுமையாக இருந்ததற்குக் காரணம், தொட்டியில் அழுகுவதற்கு இன்னும் ஒன்றுமே இல்லை என்பதுதான். ஒரு மீனும் விடாத நீரில் நஞ்சு எங்கிருந்து வரும்? கஜமுகன் எல்லாவற்றையும் சோதித்தான். கிணற்றை மட்டும் சோதிக்கவில்லை. விடுதியில் குடிப்பது போத்தல் நீர். கிணற்று நீரைப் பற்றி அவனோடு யாரும் கதைத்திருக்க மாட்டார்கள்.

அஸ்மி குழாயைக் கழுவித் துடைத்து இருந்த இடத்தில் வைத்தான். பதினொரு வருடத்தில் தான் ஒருவன் மட்டும் அறிந்த விஷயம் ஒன்று அந்த விடுதியில் இருப்பது அதுவே முதல் தடவை. அவனுக்கு நெஞ்சு இலேசாக இருந்தது.

பின்னேரம் கஜமுகன் தானாகவே வந்து கேட்டான்.

"நானா, திங்கள் மீன் வருது. அறுபது. இந்தக் கிணத்துத் தண்ணியில ஏதும் பிழை இருக்கே? உங்களுக்குத்தானே தெரியும்."

உங்களுக்குத்தானே தெரியும். அஸ்மி மோட்டரின் நட்டை இன்னொரு சுற்று இறுக்கினான்.

"பதினொரு வருஷமா இதுலதான் குளிக்கிறன். நான் என்ன செத்தா போயிட்டன்?"

கஜமுகன் மறுபடியும் சிரித்தான். "அப்ப சரி."

வீட்டில் றிஸ்னா கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். அஸ்மி கப்பித் தொட்டியோரம் குந்தியிருந்து, ஏதோ வேடிக்கை சொல்வதுபோல, சிவந்த குழாயைப் பற்றிச் சொன்னான்.

"நீங்க செல்லலியா அவருக்கு?" என்றாள் அவள்.

"படிச்சவருக்கு நான் என்னத்தச் செல்ல?"

"தண்ணி தெரிஞ்ச ஆள் நீங்கதானே."

"எனக்குத் தெரியுமெண்டு அங்க ஆருக்குத் தெரியும்?"

றிஸ்னா கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். "அந்தப் பொடியன் தொட்டிய வீடியோ எடுத்துப் போட்டீக்கி. பாத்தன். நல்ல வடிவு." பிறகு, "அந்த மீனுகள் ஒங்களுக்கு என்ன செஞ்சிச்சி?" என்றாள்.

அவள் சொன்னதில் அவன் மனதில் தங்கியது நல்ல வடிவு என்ற ஒரு சொல்தான்.

திங்கட்கிழமை மீன்கள் ஒட்சிசன் அடைத்த பைகளில் வந்தன. ஏஞ்சல், டெட்ரா, சிவப்பு வாள்வால். கஜமுகன் பைகளை நீரில் மிதக்கவிட்டு, அரை மணி நேரம் கழித்து ஒவ்வொன்றாகத் திறந்தான். வெளிச்சத்தில் அறுபது மீனும் ஒன்றாகத் திரும்பியபோது சமையலறை ஆட்கள்கூட வந்து பார்த்தார்கள். ஹாஜியார் தன் கைபேசியில் படமெடுத்துக் கொழும்பில் இருக்கும் மகளுக்கு அனுப்பினார். "மாஷா அல்லாஹ், தம்பி," என்றார். அஸ்மியிடம் திரும்பி, "பாத்தியா, படிப்பு எண்டா இது," என்றார்.

அஸ்மிக்கு அதற்கு முன் மனதில் சிறு தடுமாற்றம் இருந்தது. வீட்டிலிருக்கும் பழைய பஞ்சு வடிகட்டிகளில் ஒன்றைக் கொண்டுவந்து தொட்டியில் போட்டால் போதும். மூன்று வருடக் கிருமி அதில் ஊறியிருக்கிறது. காலையில் அதை ஒரு வாளியில்கூட எடுத்து வைத்தான். ஹாஜியாரின் அந்த ஒரு வசனத்தோடு வாளி வீட்டிலேயே நின்றுவிட்டது.

வந்துபோன எல்லோரும் மீன்களுக்குத் தீன் போட்டார்கள். புதன்கிழமை பின்னேரம் வாள்வால்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வியாழன் காலை கஜமுகன் சோதித்தபோது முதலாவது குழாய் கரும்பச்சையாக இருந்தது. அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பழுத்த தொட்டியில் அது வரக்கூடாத நிறம். பாதி நீரை இறைத்துவிட்டுப் புதுநீர் விட்டான். தீன் போடுவதை நிறுத்தினான். அஸ்மி கேட்காமலே வாளி தூக்கிக் கொடுத்தான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை மண்டபத் திறப்பு. விடிந்தபோது பதினேழு மீன் செத்து மிதந்தன. ஜும்ஆத் தொழுகை முடிந்து விருந்தாளிகள் வரும்போது கணக்கு முப்பதைத் தாண்டியிருந்தது. ஹாஜியார் தொட்டியின் மேல் வெள்ளை மேசைத்துணியைப் போடச் சொன்னார். திறப்பு முழுவதும் அது ஐந்தடி நீளத்தில் மண்டபத்தின் நடுவில் நின்றது.

"இதுக்குள்ள என்ன ஹாஜியார், மையித்தா?" என்று ஒரு விருந்தாளி கேட்டார்.

துணி போர்த்திய பிணம் என்ற அந்தப் பகிடிக்கு நான்கைந்து பேர் சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை. கஜமுகன் சுவரோடு ஒட்டி நின்றான். அஸ்மி சர்பத் தட்டை ஏந்திக்கொண்டு அவனைத் தாண்டிப் போனான். அவனுக்கு அன்று கால் வலிக்கவே இல்லை.

சனிக்கிழமை காலை ஹாஜியார் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கஜமுகன் இரண்டு குழாய்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். இரண்டும் ஒரே சிவப்பு.

"இது தொட்டித் தண்ணி, ஹாஜியார். இது பைப் தண்ணி. நேற்றுப் பின்னேரம்தான் பைப்பைச் சோதிச்சனான். முதல் நாளே செய்திருக்க வேணும். கிணத்துத் தண்ணியிலயே உரம் இருக்கு. அதை நான் தொட்டி பழுத்த அடையாளம் எண்டு நினைச்சிட்டன். பிழை என்னுடையது."

"அப்ப இது பொறக்கும்போதே சிவப்பா?"

"ஓம்."

ஹாஜியார் இரண்டு குழாய்களையும் யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு அவர் அஸ்மியின் பக்கம் திரும்பினார்.

"பதினொரு வருஷம் இந்தக் கிணத்தோட கெடக்கிறாய். இது ஒனக்குத் தெரியாதா?"

அஸ்மிக்கு அந்தக் கேள்வியின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தெரிந்தது. தெரியும் என்றால், அறுபது மீனையும் விடவிட்டுப் பார்த்திருந்தவன் அவன். தெரியாது என்றால், பார்க்கும் கிணற்றையே அறியாதவன். கஜமுகன் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிணற்றைப் பற்றிக் கேட்டதும் அதற்குக் கிடைத்த பதிலும் அவனுக்கு நினைவிருந்திருக்க வேண்டும். ஆனால் அவன் அதைச் சொல்லவில்லை.

"தெரியா, ஹாஜியார்," என்றான் அஸ்மி.

"உரம் எறங்குதெண்டு ஊரே கதைக்கிது. ஏன்ட கிணத்தப் பாக்கிற ஆளுக்கு அது தெரியா." ஹாஜியார் குழாய்களைக் கீழே வைத்தார். குரலில் கோபம் இல்லை. "பள்ளிவாசல்துறையிலயும் கிணறுதான் அஸ்மி. அங்க நான் தெனமும் வர ஏலா. பிழையக் கண்டுபிடிச்சி ஏன்ட பிழை எண்டு செல்ற ஆள்தான் எனக்கு அங்க வேணும்."

அஸ்மி நிலத்தைப் பார்த்தான். தெரியும் என்று இப்போது சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். வெளியே வரும்போது கஜமுகன் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான். நானா என்று கூப்பிடவில்லை.

மே பதினான்காம் திகதி கஜமுகன் பள்ளிவாசல்துறை விடுதியின் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டான். தொட்டியில் மிஞ்சியிருந்த ஒன்பது மீன்களைப் பார்க்கும் வேலை அஸ்மிக்குக் கொடுக்கப்பட்டது.