மலையில் விழுந்த நாலு சொட்டு

நகரியில் விசைத்தறிச் சேலைகளுக்கு டிசைன் போடும் தாமோதரனுக்கு வாட்டர்கலர் என்றால் உயிர். அரை மணி நேரத்தில் ஒரு படத்தை முடித்துவிடுவார். அந்த வேகத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அடுத்தவர் படத்தை நின்று பார்க்கிற வழக்கம் மட்டும் கிடையாது.

ஐப்பசியில் ஓவியர்கள் சந்திரகிரிக் கோட்டையில் கூடி வரையப்போகிறார்கள் என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். பத்து நாள் இருக்கும்போது ஸ்கூட்டர் சறுக்கி வலது மணிக்கட்டு முறிந்தது. புத்தூர் எலும்பு வைத்தியசாலையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, கையை அசைக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

"கைய கட்டிக்கினு அங்க போயி இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி உதயா.

"பேரு குடுத்துட்டேன். போவலன்னா நல்லா இருக்காது," என்று சொல்லிவிட்டுத் திருப்பதி பஸ் ஏறினார்.

கோட்டைப் புல்தரையில் நாற்பது பேர் பலகையும் தண்ணீர்க் குவளையுமாக உட்கார்ந்திருந்தார்கள். தாமோதரன் சும்மா சுற்றி வந்தார். பத்து மணிக்குத் தூறல் பிடித்தது. எல்லோரும் படங்களை வாரிக்கொண்டு ராஜ மகால் பக்கம் ஓட, ஒரு பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஒரு கையால் குடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வரைந்துகொண்டிருந்தாள்.

"அண்ணா, இந்தக் குடைய கொஞ்சம் புடிக்கிறீங்களா? ஒக்க செய்யி சாலு, ஒரு கை போதும்," என்றாள், அவர் கட்டைப் பார்த்துச் சிரித்தபடி.

பெயர் பத்மாவதியாம். சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். தாமோதரன் இடது கையால் குடையை வாங்கிக்கொண்டார்.

கோட்டைக்குப் பின்னால் இருந்த பாறை மலையை ஈரக் காகிதத்தில் ஒரே இழுப்பில் போட்டாள். அப்புறம் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. தாமோதரனுக்கு விரல் அரித்தது.

"போடும்மா, காஞ்சிடப் போவுது."

அவள் புறங்கையால் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் லேது அண்ணா. மலை அதுவா வரட்டும்."

அவருக்குக் கை கடுத்துக் குடை சாய்ந்தது. கம்பி நுனியிலிருந்து நாலு சொட்டு நேராக மலைமேல் விழுந்து பரவியது.

"ஐயோ, கெடுத்துட்டேனே!"

அவர் படமாக இருந்தால் அந்த நேரமே கிழித்துப் போட்டிருப்பார். அவளோ துணியை எடுக்கவில்லை, ஒற்றவில்லை. சொட்டு விழுந்த இடங்கள் வெளுத்து விரிவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நீர் அடங்கியதும் அவற்றின் கீழ் ஓரத்தில் மட்டும் மெல்லிய நீலக் கோடுகள் இழுத்தாள். நாலு பெரிய பாறைகள் மழையில் நனைந்து மின்னின. தாமோதரன் தலையைத் தூக்கி நிஜ மலையைப் பார்த்தார். அதே மாதிரிப் பாறைகள் அங்கே இருந்தன. இத்தனை வருஷத்தில் மலையைப் பழுப்பாக மட்டுமே தீட்டியிருக்கிறார்.

"எப்பிடிம்மா?" என்றார்.

"நானும் இப்பதான் பாத்தேன் அண்ணா."

படத்தை மகால் தாழ்வாரத்தில் காயவைத்துவிட்டு இருவரும் உள்ளே இருந்த அருங்காட்சியகத்தைச் சுற்றினார்கள். தாமோதரன் அங்கே மூன்று முறை வந்தவர். ஒவ்வொரு முறையும் கால் மணியில் வெளியே போனவர். பத்மாவதி ஒரு வெண்கல அம்மன் முன்னால் நின்றாள், பிறகு மெதுவாகப் பின்பக்கம் போனாள். அவரும் போனார். முதுகில் தொங்கிய ஜடையின் ஒவ்வொரு பின்னலும், இடுப்புத் துணியின் மடிப்பும் அப்படியே இருந்தன. துணி டிசைன் போடுகிறவர் கண்ணுக்கே அதன் கரைக்கோடுகளில் ஒரு பிசகும் தெரியவில்லை.

சாயங்காலம் தாழ்வாரத்தில் படங்களை வரிசையாக வைத்தார்கள். மூத்தவர் என்று தாமோதரனை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். வழக்கமாகக் குறைதான் சொல்வார். அன்றைக்கு அந்த மலையைக் காட்டி, "குடைய புடிச்சிக்கினு முழுசா பாத்தேன். ஒரு படம் உண்டாவறத மொத தடவையா பாத்தேன்," என்றார்.

கூட்டம் கலைந்ததும் பத்மாவதி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "வேற படம் இருக்காம்மா?"

அவள் பையிலிருந்து தடித்த ஃபோல்டரை எடுத்து அவர் மடியில் வைத்தாள். நகரி பஸ் வெளியே ஹாரன் அடித்துவிட்டுப் போனது. தாமோதரன் நிமிரவில்லை, மூன்றாவது படத்திலேயே இருந்தார்.