மந்திரச் சீட்டுக்கு ஒரு ஜட்ஜ்

ஜோதிலிங்கம் வைத்திக்குக் கொடுக்க வேண்டியது மூவாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய். குடித்த கடனும் இல்லை, கல்யாணக் கடனும் இல்லை. படித்ததால் வந்த கடன்.

டில்லி கரோல் பாக்கில் வைத்தி வைத்திருந்த பொம்மைக் கடைக்குச் சரக்கு ஏற்றி இறக்குவதுதான் ஜோதிலிங்கத்தின் வேலை. எழுத்து தெரியாத காலத்தில், பெட்டி மேல் குடைப் படம் இருந்தால் நனையக் கூடாது என்று புரிந்துகொண்டு ஓடிப்போய் உள்ளே வைத்துவிடுவான். நாற்பது தாண்டிய பிறகு, தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் நடந்த சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து, தமிழும் அதற்கு மேல் இங்கிலீஷ் எழுத்தும் கற்றுக்கொண்டான். அதோடு படம் பார்த்துப் புரிந்துகொள்வது கௌரவக் குறைச்சலாகிவிட்டது. ஒரு மழை நாளில் டெம்போவிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினான். தலையில் வைத்தால் படிக்க முடியாதே என்று கையில் ஏந்திக்கொண்டு நடுத்தெருவில் நின்றான். கே, இ, இன்னொரு இ, பி என்று கூட்டினான். ‘கீப் டிரை’ என்று வெற்றியோடு முடித்தபோது பெட்டியின் அடிப்பக்கம் ஊறிக் கழன்று விழுந்தது.

உள்ளே இருந்தவை வெளிநாட்டு மந்திரச் சீட்டுகள். நெருப்புக் கக்கும் டிராகன், பச்சை முகச் சூனியக்காரி, எலும்புக்கூட்டுச் சிப்பாய். ஒரு சின்னக் கட்டின் விலை அவனுடைய ஒரு நாள் கூலி. நனைந்தது முழுக்க அவன் தலையில் விழுந்தது.

வைத்தி கொடூரமான ஆள் இல்லை. கணக்கான ஆள். அவருடைய அப்பா மத்திய சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பிள்ளைக்குக் கிடைக்கவில்லை, கணக்கு மட்டும் ரத்தத்தில் வந்துவிட்டது.

கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சீட்டை ஆட வருவார்கள். காலேஜ் பையன்கள் ஏழெட்டுப் பேர். அவர்களோடு சேஷன் என்று ஒருவர், ஆர்.கே.புரத்தில் செக்‌ஷன் ஆபீசர், தலை நரைத்தவர், வீட்டில் கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருவார். சீட்டு ஒவ்வொன்றும் ஒரு சட்டம் பேசும். டிராகன் தூங்கும்போது வெட்டலாமா, செத்த சிப்பாய் மறுபடி எழுந்தால் பழைய காயம் இருக்குமா என்று கத்துவார்கள். கீழே பொம்மை வாங்க வந்த அம்மாக்கள் பயந்து போய்விடுவார்கள்.

“ஆடத் தெரியாத ஆள்தான் ஜட்ஜா இருக்கணும். அப்பதான் பட்சபாதம் வராது” என்றார் வைத்தி. “ஜோதிலிங்கம், நீதான் படிக்கறியே! ரூல் புஸ்தகத்தைப் பிடி. ஞாயித்துக்கிழமைக்கு அம்பது ரூபா கடன்ல கழிச்சுக்கறேன்.”

ஜோதிலிங்கத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தலையில் பெட்டி சுமந்த ஆள் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். யாராவது கேள்வி கேட்டால் புத்தகத்தைப் பிரிப்பான். விரலை வைப்பான். “டி... எச்... இ... தி” என்று ஆரம்பிப்பான். இரண்டாவது வரிக்குப் போவதற்குள் கேள்வி கேட்டவன் கொட்டாவி விடுவான். மூன்றாவது வரியில், “அரே, விடுங்க அங்கிள், நாங்களே பேசிக்கிறோம்” என்று கைகுலுக்கிக்கொள்வார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு சண்டை கூட முற்றவில்லை. தன்னுடைய நியாயத்துக்குக் கட்டுப்படுகிறார்கள் என்று ஜோதிலிங்கம் நம்பினான். இதுவரை ஒரு வாக்கியத்தையும் அவன் முடித்ததில்லை என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

மார்ச் மாதம் ஒரு பெரிய போட்டி வைத்தார் வைத்தி. இன்னொரு தடவை சத்தம் வந்தால் மாடியைக் காலி செய்ய வேண்டும் என்று கட்டிடச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார்.

“இன்னிக்கு மட்டும் சண்டை இல்லாம முடிச்சுக் குடு. உன் பாக்கி ஆயிரத்து நூத்துப் பத்தை அப்படியே விட்டுடறேன். இல்லேன்னா வாராவாரம் கூலியிலதான் பிடிக்கணும்.”

ஜோதிலிங்கத்தின் மனைவி இந்திராணி ஒரு பழைய கூலர் பார்த்து வைத்திருந்தாள். வாரக் கூலியில் பிடித்தம் இல்லாமல் வந்தால் மே மாத வெயிலுக்கு முன்னால் வாங்கிவிடலாம். தகரக் கூரைக்குக் கீழே டில்லி வெயில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசி ஆட்டம் சேஷனுக்கும் அர்விந்த் என்ற காலேஜ் பையனுக்கும். அர்விந்த் ஒரு நெருப்புச் சீட்டைச் சேஷனின் டிராகன் மேல் போட்டான். சேஷன் உடனே அதற்குப் பதிலாகக் கேடயச் சீட்டைப் போட்டார்.

“நான் முதல்ல போட்டேன். டிராகன் செத்தாச்சு” என்றான் அர்விந்த்.

“என் கேடயம்தான் முதல்ல வேலை செய்யும். பதிலுக்குப் போட்டதுன்னா அதுதான் முன்னாடி.”

“ஜட்ஜ் அங்கிள்!”

ஜோதிலிங்கம் புத்தகத்தைப் பிரித்தான். விரலை வைத்தான். ஒரு வரி போயிற்று. யாரும் கொட்டாவி விடவில்லை. மூன்றாவது வரியிலும் இரண்டு பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரிசாக ஒரு முழுப் பெட்டிச் சீட்டு அல்லவா! ஜோதிலிங்கத்துக்கு அடுத்த வார்த்தை கூடவில்லை. புத்தகத்தைப் பட்டென்று மூடினான்.

கேம்ப்புக்குத் தண்ணி லாரி வரும்போது அங்கே இருப்பது ஒரே சட்டம். குடத்தை யார் முதலில் வைத்தார்களோ அவர்களுக்குத்தான் முதல் தண்ணீர். அதை மீறினால் மண்டை உடையும்.

“மொதல்ல வச்சவங்களுக்குத்தான் மொதல்ல” என்றான். “டிராகன் செத்துப்போச்சு.”

சேஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருஷம் மேலதிகாரி குறிப்புக்குக் கீழே கையெழுத்துப் போட்டுப் பழகியவர். “ஜட்ஜே சொல்லியாச்சு. சரி” என்று எழுந்துவிட்டார். சண்டை இல்லை. வைத்தி ஜோதிலிங்கத்தின் முதுகில் தட்டி, “போ, உன் கடன் தீர்ந்தது” என்றார்.

எல்லோரும் கீழே டீக்கடைக்குப் போனார்கள். ஜோதிலிங்கம் நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போனானா? பாதியில் விட்ட வரி உறுத்தியது. மறுபடி பிரித்தான். யாரும் பார்க்காததால் எழுத்துகள் கொஞ்சம் நிதானமாக நின்றன. கார்டு தெரிந்த வார்த்தை. லாஸ்ட், ஃபர்ஸ்ட், இரண்டும் பஸ்ஸில் காதில் அடிபட்ட வார்த்தைகள். கூட்டிக் கூட்டி, முற்றுப்புள்ளி வரைக்கும் போய்விட்டான். கடைசியாகப் போட்ட சீட்டுதான் முதலில் வேலை செய்யும்! வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு இங்கிலீஷ் வாக்கியம் முழுசாக அவனுக்குப் புரிந்தது.

தன் தீர்ப்பு தப்பு என்பது அவனுக்குப் படவே இல்லை. படித்துவிட்டான், அவ்வளவுதான். படிகளில் தடதடவென்று இறங்கி டீக்கடைக்கு ஓடினான்.

“சார்! முழுசா படிச்சிட்டேன் சார்! கடசியா போட்டதுதான் மொதல்ல!”

டீ கிளாஸ்கள் பாதி வழியில் நின்றன.

“அப்போ என் டிராகன்?” என்றார் சேஷன்.

“உசுரோடதான் சார் கீது!” என்றான் ஜோதிலிங்கம், சந்தோஷமாக.

அதற்குப் பிறகு நடந்ததைப் பூசா ரோடு வரை கேட்டிருப்பார்கள். சேஷன் பரிசுப் பெட்டியை ஒரு பக்கம் இழுத்தார், அர்விந்த் மறுபக்கம் இழுத்தான். “தினம் டெம்போ ஏத்தறேளே ஜோதிலிங்கம், கடைசியா ஏத்தின பெட்டிதானே முதல்ல இறங்கும்? அதுகூடத் தோணலையா?” என்று சேஷன் கத்தினார். தோணவில்லைதான். பெட்டி கிழிந்தது. கட்டிடக்காரர் வெளியே வந்தார்.

வைத்தி கத்தவில்லை. “கடன் தீரலை” என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் இந்திராணி எல்லாவற்றையும் கேட்டாள். “அம்மாம் பெரிய புஸ்தகத்துல, வாய மூடுன்னு ஒரு வரி போடலயா?”

“இருக்கலாம். அந்தப் பக்கம் இன்னும் வரல.”

மாடி எப்படியோ தப்பியது. ஜோதிலிங்கத்தின் நாற்காலி தப்பவில்லை. இரண்டு ஞாயிறு உட்கார்ந்து பார்த்தான். இப்போது வரியை அவன் வேகமாக முடித்துவிட்டதால், சண்டை ஆறுவதற்கு நேரமே இல்லாமல் போயிற்று. “பழைய மாதிரி படிங்களேன் அங்கிள்” என்று பையன்கள் கெஞ்சினார்கள். அது அவனால் முடியவில்லை.

பாக்கியை வாரம் நூறாகக் கூலியில் பிடித்தார் வைத்தி. மே போயிற்று, கூலர் இல்லாமல். ஜூன் கடைசியில் மிச்சம் பத்து ரூபாய்.

“பத்து ரூபா வேண்டாம், போ” என்றார் வைத்தி.

ஜோதிலிங்கம் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜையில் வைத்தான்.

“புடிச்சிக்கங்க சார். அப்பறம் இதுக்கும் ஒரு போட்டி வச்சிடுவீங்க.”

வைத்தி சிரித்துக்கொண்டே நோட்டைக் கல்லாவில் போட்டார்.