பழைய கடையை ஒட்டி

ஞாயிற்றுக்கிழமை நாளிதழோடு வந்த இணைப்பைக் அவள் கணவர்தான் முதலில் பார்த்தார். தேநீர் டம்ளரை அதன்மேல் வைக்கப் போனவர், வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, "இங்க பாரு, சின்னவ கடை வந்திருக்கு" என்றார்.

நகரத்தில் தவறவிடக் கூடாத இருபது தனிக்கடைகள் என்று தலைப்பு போட்டிருந்தது. ஒரே ஒரு பொருளை மட்டும் விற்கிற கடைகள். மெழுகுவத்திக்கு ஒன்று, பழைய வரைபடங்களுக்கு ஒன்று, குடைக்கு ஒன்று. ஏழாவது இடத்தில் தொப்பிக் கடை. படத்தில் அவளுடைய ஓரகத்தி, கணவரின் தம்பி மனைவி, ஒரு நீலத் தொப்பியை விரல்நுனியில் சுழலவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். உங்கள் தலையை அளந்து உங்களுக்கென்றே செய்து தருகிறார் என்று எழுதியிருந்தார்கள். கடைசி வரி இது: "கண்டுபிடிப்பது எளிது, மங்கிய பெயர்ப்பலகை மாட்டிய ஒரு பழைய கடையை ஒட்டி இருக்கிறது."

அந்தப் பழைய கடை மூத்தவளான அவளுடையது.

"நம்ம கடையையும் விடலியே. அடையாளத்துக்காவது போட்டிருக்கான்" என்றார் கணவர். வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் எழுந்து போய், கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினாள்.

தெருவில் அவளுக்குப் பொத்தானக்கா என்று பெயர். இருபத்தாறு வருடமாகப் பொத்தான் விற்கிறாள். சுவர் நிறைய சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருப்பதில் ஒன்று மாதிரிக்குத் தைக்கப்பட்டிருக்கும். இரண்டு கண், நான்கு கண், மரம், கொம்பு, சிப்பி. நிஜச் சிப்பியா பிளாஸ்டிக்கா என்று சந்தேகம் வந்தால் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். சிப்பி என்றால் சில்லென்று இருக்கும். கோட்டில் ஒரு பொத்தான் தொலைந்துபோய் வருகிறவர்களிடம் மிச்சமிருப்பதை வாங்கிப் பார்ப்பாள். பெரும்பாலும் மூன்றாவது இழுப்பறையைத் திறப்பதற்குள் ஜோடி கிடைத்துவிடும். இதெல்லாம் எந்த இணைப்பிலும் வந்ததில்லை.

மாமனார் போனபிறகு அண்ணன் தம்பி இருவரும் சண்டை போடாமல் கடையை நடுவில் பலகை அடித்துப் பிரித்துக்கொண்டார்கள். தம்பி டாக்ஸி ஓட்டுகிறவர். அவர் பங்கில் என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு வருடம் பூட்டியே கிடந்தது. பிறகு சின்னவள் எங்கேயோ ஆறு மாத வகுப்புக்குப் போய்வந்து, தொப்பி செய்யப்போவதாகச் சொன்னாள். கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. பொத்தான் தைக்கும்போது அடியில் ஒரு தீக்குச்சி வைத்துத் தைத்தால் இறுக்காமல் நிற்கும் என்று சொல்லிக்கொடுத்தவள் மூத்தவள்தான். யார் தொப்பி போடுகிறார்கள் இந்தக் காலத்தில், ஆறு மாதம் தாங்காது என்று மனசுக்குள் கணக்குப் போட்டும் வைத்திருந்தாள். ஐந்து வருடம் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கே கூட்டம் வந்துவிட்டது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பும் காலடியும், "ஐயோ, இது எவ்வளவு அழகா இருக்கு!" என்ற குரல்களும். ஒவ்வொரு சத்தத்துக்கும் இவள் தலை பலகைப் பக்கம் திரும்பியது. தையற்காரர் ஒருவர் பன்னிரண்டு கறுப்புப் பொத்தான் கேட்டார். பதினொன்றைத்தான் எண்ணிக் கொடுத்தாள். "என்னக்கா, எப்பவும் ஒண்ணு கூடத்தானே தருவீங்க?" என்று அவர் சிரித்தபோதுதான் உறைத்தது. மத்தியானம் சின்னவள் எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் மினுங்க, "அக்கா, பேப்பர் பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன். நல்லா வந்திருக்கு" என்றாள் மூத்தவள். வாய் சிரித்தது. பழைய கடை என்று எழுதச் சொன்னது நீயா என்று கேட்க நாக்கு துடித்தது. அப்படிக் கேட்டால் வயிற்றெரிச்சல் வெளியே தெரிந்துவிடும். ஒரு லேஸ் சுருளை எடுத்து, ஏற்கெனவே ஒழுங்காகச் சுற்றியிருந்ததைப் பிரித்து மறுபடி சுற்றத் தொடங்கினாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, மணி மூன்றேகால். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரச் சின்னவள் தினமும் மூன்று மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போவாள். அந்த நேரத்தில் நரைத்த கிராப்பும் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவுமாக ஒரு பெண்மணி பொத்தான் கடைக்குள் வந்தாள். நாடகக் குழு ஒன்றில் உடை பார்க்கிறவளாம்.

"பக்கத்துல பூட்டியிருக்கு. ஃபோன் பண்ணா எடுக்க மாட்டேங்கறாங்க. எங்களுக்கு முப்பத்திரண்டு தொப்பி வேணும், ஒரு பெரிய நாடகத்துக்கு. அவங்க செஞ்சா நல்லா இருக்கும்னு நினைக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள கூப்பிடச் சொல்றீங்களா? அதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாது."

ஒரு அட்டையை நீட்டினாள். பின்பக்கம் பேனாவால் '32, வெள்ளி' என்று எழுதியிருந்தாள். போகிறபோது இழுப்பறைகளை ஒரு சுற்றுப் பார்த்து, "அழகா அடுக்கியிருக்கீங்க" என்றாள். பக்கத்துக் கடைக்காகக் காத்திருக்கிறவள் சொன்ன நல்ல வார்த்தை அது. அதனாலேயே கசந்தது.

கொடுத்துவிட வேண்டும் என்றுதான் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். சின்னவள் திரும்பி வந்தபோது வாசலில் நான்கு இளம்பெண்கள் காத்திருந்தார்கள். அவர்களோடு பேசிக்கொண்டே பூட்டைத் திறந்து உள்ளே போய்விட்டாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை. சரி, சாயங்காலம் கொடுக்கலாம். சாயங்காலம் அந்தப் பெண்களில் ஒருத்தி வெளியே வந்து, பொத்தான் கடைப் பலகையைக் காட்டி, "ஏய், அந்தப் பழைய கடை இதுதான்டி!" என்று சொல்லி அதைப் படம் எடுத்தாள். தோழிகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பொல்லாப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் மூத்தவளின் கை சட்டைப்பை வரை போய், அங்கேயே நின்றுவிட்டது.

புதன் போனது. வியாழன் போனது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தது மறதியால் அல்ல என்று அவளுக்கே தெரியும். வெள்ளிக்கிழமை முழுக்க ஒரு கண் கடிகாரத்தின் மேலேயே இருந்தது. ஐந்தரைக்குக்கூட எழுந்து இருபது அடி நடந்தால் போதும். நடக்கவில்லை. ஆறு மணிக்குக் கடையைச் சாத்தியபோது பயமும் இருந்தது. அதன் அடியில், சொல்லவே கூச்சப்படுகிற மாதிரி, ஒரு நிம்மதியும் இருந்தது. சின்னவளுக்கு எல்லாம்தான் கிடைக்கிறதே, இந்த ஒன்று கிடைக்காவிட்டால் குடியா முழுகிவிடும்?

அடுத்த புதன்கிழமை காலை, ஆள் வராத நேரமாகப் பார்த்துச் சின்னவள் வந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சிந்திக் கிடந்த பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டே பேசினாள்.

"அக்கா, நான் கடைய விட்டுடலாம்னு இருக்கேன்."

"என்னது?"

"பெரிய துணிக்கடை ஒண்ணுல வேலை சொல்லியிருக்காங்க. அடுத்த மாசத்துலருந்து. என் பக்கத்த நீங்க எடுத்துக்குங்க. பலகைய எடுத்துட்டா பழையபடி பெருசாயிடும். உங்களுக்கும் இடம் பத்தலதானே?"

ஐந்து வருடமாக மூத்தவள் வாய்விட்டுச் சொல்லாமல் வேண்டிக்கொண்டிருந்தது இதைத்தான். இப்போது அதுவே எதிரில் வந்து உட்கார்ந்து, பொத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு கூட்டம் வருதே!"

சின்னவள் சிரித்தாள். "வர்றாங்க. தலையில வெச்சுப் பாக்கறாங்க, படம் புடிக்கறாங்க, கழட்டி வெச்சுட்டுப் போறாங்க. பேப்பர்ல வந்ததுலருந்து மொத்தமே மூணு தொப்பிதான் போயிருக்கு. ஃபோன் வந்தாலும் 'படம் எடுத்துக்கலாமா'ன்னுதான் கேக்கறாங்க. தெரியாத நம்பர்னா இப்பல்லாம் எடுக்கறதே இல்ல." ஒரு கறுப்புப் பொத்தானை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினாள். "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? உங்க இழுப்பறை திறக்கற சத்தம் அந்தப் பக்கம் நல்லா கேக்கும். நாள் பூரா டர்ரு டர்ருன்னு. ஒருநாள் எண்ணிப் பாத்தேன், எழுபத்தி நாலு தடவ. உங்ககிட்ட வர்றவங்க வெறுங்கையோட போறதில்ல. எனக்கு அவ்வளவு பொறாமையா இருக்கும்க்கா. சில நாள் காதுல பஞ்சு வெச்சுக்குவேன்."

மூத்தவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சின்னவளின் விரல்கள் சிவப்பைச் சிவப்போடு சேர்த்துக்கொண்டிருந்தன. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். இத்தனை நாள் அவற்றை அவள் பார்த்ததே இல்லை.

"யோசிச்சு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் எழுந்து போனாள்.

அவள் போனதும் மூத்தவள் அட்டையை எடுத்தாள். ஓரங்கள் வியர்வையில் பிசுபிசுத்திருந்தன. அதிலிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"பொத்தான் கடையிலருந்து பேசறேன். அந்தத் தொப்பி விஷயமா..."

"அடடா! சனிக்கிழமையே வேற இடத்துல சொல்லிட்டோமே. அவங்களுக்கு இஷ்டமில்லன்னு நினைச்சுட்டேன்." அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. "பரவால்ல, அடுத்த தடவ பாக்கலாம்."

அடுத்த தடவை. இழுப்பறைகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். யாருக்கும் தெரியாது. இந்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டால் கடைசிவரை தெரியப்போவதில்லை. பலகையும் போகும், கடை முழுசாக அவளுக்கு வந்துவிடும். நினைக்க நினைக்க வாயில் துரு மாதிரி ஒரு சுவை ஊறியது. கடையைப் பூட்டாமலே வெளியே வந்தாள்.

சின்னவள் அடுப்பில் கொதிக்கும் கெட்டிலுக்கு நேராக ஒரு பழுப்புக் கம்பளித் துணியைப் பிடித்து, ஆவியில் இளக வைத்துக்கொண்டிருந்தாள். அறை முழுக்க ஈரக் கம்பளி வாசனை.

"என்னக்கா, அதுக்குள்ள யோசிச்சிட்டீங்களா?"

மூத்தவள் அட்டையை மேசைமேல் வைத்தாள். "போன வாரம் செவ்வாய்க்கிழமை ஒருத்தங்க வந்தாங்க. உன்கிட்ட குடுக்கச் சொன்னாங்க. நான் குடுக்கல."

"மறந்துட்டீங்களா?"

சுலபமான வாசல் ஒன்றை அவளே திறந்துவிட்டாள். ஒரு தலையசைப்புப் போதும்.

"மறக்கல" என்றாள் மூத்தவள். "பையிலயேதான் இருந்துச்சு. இப்பதான் கூப்பிட்டேன். வேற இடத்துல சொல்லிட்டாங்களாம்."

சின்னவள் அட்டையைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து, பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தாள். "முப்பத்திரண்டா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா."

"முப்பத்திரண்டு" என்றாள் மறுபடியும், ஏதோ ஒரு பிள்ளையின் வயதைச் சொல்வதைப் போல. அழுவாள், கத்துவாள், அட்டையை முகத்தில் விட்டெறிவாள் என்று மூத்தவள் காத்திருந்தாள். அதில் எது நடந்திருந்தாலும் தாங்கியிருப்பாள். சின்னவள் இளகிய துணியைத் தலை வடிவ மர அச்சின்மேல் போட்டு, இரண்டு கையாலும் சுற்றிலும் இழுத்தாள். முன்கை நரம்புகள் புடைத்தன. ஒரு மடிப்பு விழுந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து நீவினாள்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றாள், நிமிராமல். "ஆவியெல்லாம் வெளிய போகுது."

மூத்தவள் கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகுதான் தான் உள்ளே நிற்பது தெரிந்தது. சின்னவள் துணியை இழுத்துக்கொண்டே இருந்தாள். துணியின் எதிர்ப்பக்க ஓரம் அச்சிலிருந்து நழுவி மேலேறிக்கொண்டிருந்தது. அவளுடைய இரண்டு கையும் இந்தப் பக்கத்தில் இருந்தன. வெளியே யாரோ தொப்பிகளைப் பார்க்க வந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டினார்கள். உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்த ஆவியில் அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.