இருபத்தொரு கோடு

சுவரில் பதினோரு சாக்பீஸ் கோடுகள் இருந்தன. ஆக்சிஜன் சிலிண்டர் திறந்திருக்கும் ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் ஒரு கோடு என்பது அம்மா வைத்த முறை. சிலிண்டரின் அளவு முள் எப்போதோ உடைந்துவிட்டது.

கல்லுடைக்கும் ஆலையில் இருபது வருஷம் வேலை பார்த்ததில் அப்பாவின் நெஞ்சு முழுக்கத் தூசி. நேற்றுவரை சிலிண்டரைத் திறப்பதும் மூடுவதுமாகச் சமாளித்தார். இன்று காலையிலிருந்து மூட முடியவில்லை.

“மொத்தம் அஞ்சே கால் மணி நேரம் வரும்னு சிலிண்டர் கடைக்காரர் சொன்னார்,” என்றாள் அம்மா, செருப்பை மாட்டிக்கொண்டே. “ரெண்டே முக்கால் போயாச்சு. மீதி எவ்வளவுன்னு பாருடி.”

மகள் நான்காம் வகுப்பு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். ஐந்தில் இரண்டு போனால் மூன்று. காலிலிருந்து முக்கால் போகாது. அதனால் முக்காலிலிருந்து காலைக் கழித்தாள். அரை. நேற்றைய வீட்டுப்பாடத்தில் பத்துக் கணக்கையும் இப்படித்தான் போட்டிருந்தாள்.

“மூணரை.”

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டரை.

“அப்போ பன்னெண்டு வரைக்கும் தாங்கும். லாண்டரியில பர்மிஷன் கேட்டு நிக்க வேண்டாம். ஷிஃப்ட் முடிச்சு, புது சிலிண்டரோட பதினொண்ணே முக்காலுக்கு வந்துடுவேன். மூணரைதானே?”

“கணக்குப்புலி சொன்னா தப்பாகுமா?” என்றார் அப்பா, முகமூடியை விலக்கி. “கோடு போடற வேலை இனிமே எனக்கு. சாக்பீஸைக் குடு கண்ணு. சம்பளம் அப்புறம் பேசிக்கலாம்.”

மூன்றாவது பீரியடில் டீச்சர் நோட்டுகளைத் திருப்பித் தந்தார். பத்துக் கணக்கும் தப்பு.

“மேல இருக்கறது சின்னதா இருந்தா தலைகீழாக் கழிச்சுடுவியாம்மா? முழு எண்ணுல ஒண்ணை உடை. நாலு கால் கிடைக்கும். அதைச் சேர்த்துக்கிட்டுக் கழி.”

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ஐந்தில் ஒன்றை உடைத்தாள். நான்கும் ஐந்து கால்களும். ஐந்தில் மூன்று போக இரண்டு கால். நான்கில் இரண்டு போக இரண்டு. இரண்டரை.

எட்டரையோடு இரண்டரை.

வகுப்புக் கடிகாரத்தில் மணி பத்து ஐம்பது. பையை எடுக்காமல் ஓடினாள். டீச்சர் கூப்பிட்டது கேட் வரை கேட்டது.

வீட்டுக்குள் நுழைந்தபோது பதினொன்றே கால். சிலிண்டரில் சத்தம் இல்லை. சாக்பீஸ் தரையில் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு முகமூடியைக் கழற்றினார்.

அம்மா சொன்னபடி பதினொன்றே முக்காலுக்கு வந்தாள். சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். முள் உடைந்த பழைய சிலிண்டரைக் காலால் எட்டித் தள்ளினாள்.

“குறைச்சு நிரப்பியிருக்கான் பாவி. அஞ்சே காலுன்னு வாய் கூசாம சொன்னானே. அவனை விடமாட்டேன்.”

பக்கத்து வீட்டுக்காரர் தலையாட்டினார்.

மகள் சுவரைப் பார்த்து எண்ணினாள். அம்மாவின் கோடு பதினொன்று. அப்பாவின் கோடு பத்து. கடைசிக் கோடு பாதியில் சரிந்து கட்டில்வரை இறங்கியிருந்தது. மொத்தம் இருபத்தொன்று. ஐந்தே கால் மணி நேரம். கடைக்காரர் ஒரு நிமிடம்கூடக் குறைக்கவில்லை.

சுவரோரம் போய், கோடுகளின் மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். அம்மா கூப்பிட்டும் நகரவில்லை.